மெர்வ் போட்ட பூட்டு

சுவரிலிருந்து மின்சாரக் காரின் சார்ஜரைப் பிடுங்கி எறிவதற்காகத்தான் கெர்ரின் கராஜுக்குள் வந்தாள். கழற்றுவதற்கு முன்னால் கரண்டை நிறுத்த வேண்டுமே என்று போர்டின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கார் சார்ஜருக்குப் போகும் பிரேக்கர் ஏற்கெனவே இறக்கிக் கிடந்தது. அதை யாரும் ஏற்ற முடியாதபடி மேலே ஒரு கவ்வி, கவ்வியில் ஒரு சின்னச் சிவப்புப் பூட்டு, பூட்டில் தொங்கும் ஓர் அட்டை. 'அபாயம். ஆள் வேலை செய்கிறார். இயக்காதே.' அதற்குக் கீழே கட்டை எழுத்தில், எம். பர்ச்சல், செவ்வாய், 2.10.

இன்று வெள்ளிக்கிழமை. எம். பர்ச்சல், அதாவது அவளுடைய அப்பா மெர்வ், இன்று காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அம்மா நோலா வெளியே கெர்ரினின் வேனில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மோர்வெல் ஊருக்குள் வந்து சேரும்வரை வாயைத் திறக்காதவள், வேன் வீட்டு வாசலில் நின்றதும் ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தப் பெட்டியப் பிடுங்கி எறி. அது சுவத்துல இருக்கிறவரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்." சொல்லிவிட்டு அப்பாவின் துணிமணி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பிப்ரவரி, இந்தப் பக்கத்தில் கடுங்கோடை. மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் வேனின் தகரம் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நோலா, புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பிலிருந்து திரும்பியபோது மணி மூன்றரை. மெர்வ் கராஜில் கார் டயரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தலைக்கு மேலே மூடி கழற்றிய சார்ஜர். அதைப் பார்த்த மாத்திரத்தில் நோலா முடிவு செய்துவிட்டாள், கரண்டு அடித்துவிட்டது என்று. இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, பல வருஷமாகச் சேர்ந்தது, கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். நோலா மூன்று தடவையும் தலையாட்டினாள். ஒரு தடவைகூட நம்பவில்லை.

கெர்ரின் வாசலுக்கு வந்து வேன் கதவருகே குனிந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் கேளு. அப்பா பூட்டுப் போட்டுட்டுத்தான் தொட்டிருக்காரு. பிரேக்கர் ஆஃப்ல இருக்கு. அட்டையும் தொங்குது. கரண்டு அடிக்க வழியே இல்ல."

"அடிச்சதுக்கு அப்புறம் போட்டிருப்பாரு."

"விழுந்த ஆளு எந்திரிச்சு வந்து பூட்டுப் போடுவாராம்மா?"

"உங்கப்பாவா? போடுவாரு."

செய்யக்கூடிய ஆள்தான். முப்பத்தொரு வருஷம் பவர் ஹவுஸில் ஸ்விட்ச் ரூம் வேலை. வீட்டு டோஸ்டரைக் கழற்றுவதென்றாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தன் கண்ணெதிரே மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் நோலா, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தபடி. "கிளப்புக்குக் கிளம்பும்போது சொன்னேன். மூணு வாரமா சார்ஜ் ஏறாம கார் நொண்டியடிக்குது, நான் அடுத்தவங்க கார்ல தொத்திக்கிட்டுப் போறேன், எலெக்ட்ரீஷியன் வீடுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்குன்னு சொன்னேன். வந்து பாத்தா..."

கெர்ரினுக்குக் கண் எரிந்தது. மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி. கட்டிப்பிடிக்கலாம் என்றால் நடுவில் அந்தப் பை இருந்தது.

எதிர்வீட்டு டாரில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தைத் துண்டில் ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். மெர்வோடு இருபது வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். கோழியும் காளானும் போட்டு அவர் மனைவி வேகவைத்த குழம்பு. துக்கம் என்று கேள்விப்பட்டால் இந்தத் தெருவில் முதலில் அடுப்பைத்தான் மூட்டுவார்கள்.

"நோலா, மனசைத் தேத்திக்கம்மா," என்றார். பாத்திரத்தை வேனின் பின்பக்கம் ஒயர் சுருள்களுக்கு நடுவே வைத்தார். பிறகு கெர்ரினோடு கராஜுக்கு வந்தார். "என்ன, கழட்டணுமா? நான் ஒரு கை பிடிக்கிறேன். பூட்டா? அது என்ன பெரிய விஷயம், கட்டர் எடுத்துட்டு வரட்டுமா?"

கெர்ரின் போர்டின் கதவை அகலமாகத் திறந்தாள். அட்டையில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் டாரில் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, மெர்வ் பூட்டா! ஆளை விடும்மா. நான் தொட மாட்டேன்."

"டாரில், அப்பா செத்துட்டாரு."

"அது தெரியும். இருந்தாலும் தொட மாட்டேன்." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமா, ஒரு தடவை ரெண்டாம் நம்பர் பம்புல இவன் பூட்டுப் போட்டுட்டு, சாவியப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு மீன் பிடிக்கப் போயிட்டான். மேனேஜர் வந்து குதிக்கிறான். போட்டவன்தானே திறக்கணும், யாரும் தொடல. நாலு மணி நேரம் பம்பு நின்னுச்சு. கடைசில படகு எடுத்துட்டுப் போய் இவனைக் கூட்டிட்டு வந்தாங்க. நிதானமா வந்து, தன் கையால திறந்துட்டு, 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டான் பாவி."

"கடைசிவரைக்கும் ஆள் வரவே முடியலன்னா?"

"அதுக்கும் முறை இருக்கு. ரெண்டு பேரா நிக்கணும். மூணு கேள்வி. ஆள் இந்த இடத்துல இருக்காரா? கூப்பிட்டா வருவாரா? வேலை ஒழுங்கா முடிஞ்சிருக்கா, கரண்டு விட்டா யாருக்கும் ஆபத்தில்லையா? ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் பதில் சொல்லணும். அப்புறம் அட்டைக்குப் பின்னால ரெண்டு பேரும் கையெழுத்து." டாரில் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சாவி அவன் பாக்கெட்லதான் இருக்கும். வேற எங்கயும் வைக்க மாட்டான்." அவர் போய்விட்டார். முதுகு கூனிப் போயிருந்தது.

கெர்ரின் சார்ஜருக்கு முன்னால் குந்தினாள். அவளும் எலெக்ட்ரீஷியன்தான்; இரண்டு வருஷத்துக்கு முன் அவளே மாட்டியது. போர்டு கதவின் உட்புறம் சான்றிதழ் ஒட்டியிருந்தது, அதில் அவள் லைசென்ஸ் நம்பரும் கையெழுத்தும்.

மூடியின் நான்கு ஸ்க்ரூக்களும் ஜாம் பாட்டில் மூடியில் பத்திரமாகக் கிடந்தன. டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். எறும்பைத் தேடினாள். ஏனென்றால் எறும்பு என்றுதான் அப்பா சொன்னார். புதன்கிழமை, மூக்கில் குழாயோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "பெட்டிக்குள்ள எறும்பு புகுந்திருச்சு. கெர்ரின்கிட்ட சொல்லு. அவ வேலை சுத்தமா இருந்துச்சு." கெர்ரின் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவளிடமும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னார். இந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. எறும்புகள் சூட்டுக்காகப் பெட்டிக்குள் கூடு கட்டி, தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிச் செத்து, கரண்டை நிறுத்திவிடும். அவளே மாதம் ஒன்றாவது பார்ப்பாள்.

ஆனால் இங்கே ஒரு கால்கூட இல்லை. முட்டை இல்லை, மண் இல்லை. தூசிகூட இல்லாமல் யாரோ துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். துடைத்திருக்கலாம், அப்பா ஆயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகுதான் ஃபேஸ் ஒயரைப் பார்த்தாள். நியூட்ரலும் எர்த்தும் இரண்டு வருஷத்தில் மங்கிப்போயிருந்தன. ஃபேஸின் முனையில் மட்டும் செம்பு பளபளவென்று இருந்தது. மற்ற இரண்டையும்விட ஒரு விரல்கடை குட்டை. யாரோ வெட்டி, புதிதாகத் தோலுரித்து, மறுபடி முறுக்கியிருக்கிறார்கள்.

எறும்புக்கு எதற்கு ஒயரை வெட்ட வேண்டும்?

எழுந்து வேனுக்குப் போனாள்.

"அம்மா, பூட்டுச் சாவி வேணும். அப்பா கால்சட்டைப் பாக்கெட்ல இருக்கும்."

நோலா பையைத் தருவதா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு முடிச்சை அவளே அவிழ்த்தாள். கைக்கடிகாரத்தை முதலில் எடுத்தாள். அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதிலேயே நின்றுபோனாள். கெர்ரின் காக்கி அரைக்கால்சட்டையை உருவி பாக்கெட்டில் கைவிட்டாள். கயிற்றில் கோத்த சாவி. அதற்கடியில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை. முடிச்சுக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது.

வேனுக்குப் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு விரல்கடை நீளத்தில் ஒயர்த் துண்டு. ஒரு முனை வெட்டியது. மறுமுனை கருகிப் புகை படிந்திருந்தது. பழுப்பு உறை உருகிக் குமிழியிட்டு, செம்பு கறுத்து முறுகியிருந்தது.

பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. லூஸ் கனெக்ஷன். ஸ்க்ரூ சரியாக முறுகாவிட்டால் ஓடஓடச் சூடேறும், சூடேறினால் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமானவர்களுக்கே தெரிகிற விஷயம். அப்பா மூன்று வாரமாக ஃபோனில் சொன்னதும் அதைத்தானே! "இருபது நிமிஷம் ஓடுது கெர்ரின், பட்டுனு நின்னுடுது. ஒரு மணி நேரம் விட்டா மறுபடி ஓடுது. மத்தியானத்துலதான் ஜாஸ்தி." அவள் ஏதோ கூரை மேல் நின்றுகொண்டு, "சாஃப்ட்வேரா இருக்கும்ப்பா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றாள். அந்த ஞாயிறும் போய் அடுத்த ஞாயிறும் போயிற்று. மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் அதையே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவள் வாயிலிருந்து வரட்டும், அவளே வந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமையும் ஞாபகம் வந்தது. சார்ஜர் மாட்டிய நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் காத்திருக்க, அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கொடுத்தார். மூடியை மூடும்போது கேட்டார், "ஸ்க்ரூவோட முறுக்கு அளவு பாத்தியா?" சரியான இறுக்கம் வந்ததும் டக் என்று அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவர் வேனில் இருந்தது. போய் எடுத்துவரச் சோம்பல். "பாத்தாச்சுப்பா," என்றாள்.

அவர் நம்பினார். இல்லை, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரோ என்னவோ, யார் கண்டது. எப்படியிருந்தாலும் செவ்வாய்க்கிழமை ரெண்டு பத்துக்கு, லைசென்ஸ் முடிந்து ஐந்து வருஷமான மனுஷன், எழுபத்திரண்டு வயதில், அடுப்பாக இருக்கும் கராஜில் குந்தி உட்கார்ந்து மகள் விட்ட பிழையைத் திருத்தினார். கருகிய துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டால் மகள் கண்ணில் பட்டுவிடும் என்று முடிந்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் நெஞ்சு வலித்திருக்கிறது.

கெர்ரின் பம்பரில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல் அழ முடியவில்லை. கோழிக் குழம்பு வாசனை குமட்டியது.

பேசாமல் இருந்துவிடலாம். எறும்பு என்றால் எறும்பு. அப்பாவே அப்படித்தானே விரும்பினார். துண்டைச் சாக்கடையில் போட்டால் விஷயம் முடிந்தது. ஊர் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் பெயரும் பிழைக்கும். ஆனால் முன்சீட்டில் ஒருத்தி, நான் நச்சரித்துத்தான் கொன்றேன் என்று உட்கார்ந்திருக்கிறாளே. அவளை என்ன செய்வது?

முன்பக்கம் போய் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். ஒயர்த் துண்டை டேஷ்போர்டில் வைத்தாள்.

"என்ன அது?"

"அப்பா பாக்கெட்ல இருந்துச்சு. எறும்பு இல்லம்மா. நான் முறுக்காம விட்ட ஸ்க்ரூ. ரெண்டு வருஷமா சூடேறிக் கருகியிருக்கு. அப்பா அதை வெட்டி, புதுசா மாட்டி, இதை ஒளிச்சு வெச்சிருக்காரு."

நோலா துண்டை எடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அப்போ கரண்டு அடிக்கல."

"இல்லம்மா. வேலையையே முடிச்சிருக்காரு. கரண்டு அடிச்ச கையால இவ்வளவு சுத்தமா மாட்ட முடியாது. வந்து பாரு."

"எறும்புன்னு சொன்னப்பவே தெரியும், பொய்யின்னு," என்றாள் நோலா. "அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. முகத்தைப் பாத்துப் பேசாம கூரையப் பாத்துச் சொன்னாரு. நான் சொன்னதாலதான் அதைத் தொட்டு, ஷாக் அடிச்சு, அது எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறாருன்னு நினைச்சேன். ரெண்டு நாளா அதையேதான்..."

"உன்கிட்ட மறைக்கலம்மா. என்கிட்டதான் மறைச்சாரு."

தெருவில் யாரோ புல்வெட்டும் யந்திரத்தைக் கிளப்பினார்கள். அது இருமி இருமி ஓடத் தொடங்கியது.

"நான் அன்னைக்கு ஒரு நிமிஷம் சோம்பல் படாம இருந்திருந்தா, அவரு அங்க குந்தியிருக்கவே மாட்டாரு," என்றாள் கெர்ரின். "நெஞ்சு வலிச்சப்போ வீட்டுக்குள்ள இருந்திருப்பாரு, ஃபோன் கையில இருந்திருக்கும். உனக்கு என்மேல கோவம் வரலையா?"

"வருது," என்றாள் நோலா. "நல்லாவே வருது. இப்போ தெம்பில்லடி. அடக்கமெல்லாம் முடியட்டும், அடுத்த வாரம் கோவப்படறேன்."

அவள் பையை ஓரமாக வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்க ஒவ்வொரு காலாக இறங்கினாள். "பூட்டைத் திறக்க ரெண்டு பேர் நிக்கணும். கல்யாணம் ஆனதுலேருந்து சாப்பாட்டு மேஜையில கேட்டுக்கேட்டு எனக்கும் மனப்பாடம். வா."

கராஜில் ஒரு மடக்கு நாற்காலியைக் கெர்ரின் விரித்தாள். நோலா உட்காரவில்லை. மெர்வ் சாய்ந்திருந்த டயர்ப் பக்கம் பார்க்காமல் நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்றாள். அட்டையைக் கையில் ஏந்தி வாசித்தாள். ஆபீஸ் அதிகாரிபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தப் பூட்டைப் போட்ட ஆள் இந்த இடத்துல இருக்காரா?"

கெர்ரின் டயர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல."

"கூப்பிட்டா வருவாரா?"

"வரமாட்டாரு."

நோலா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதையும் கேட்டாள். "வேலை ஒழுங்கா முடிஞ்சிருக்கா? பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அப்பா மாட்டியது. அதில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் வேனுக்குப் போனாள். அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து குந்தினாள். ஒயரில் கரண்டு இல்லை என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். பிறகு எர்த், நியூட்ரல், ஃபேஸ் என்று ஒவ்வொன்றாக முறுக்கினாள். மூன்றும் டக் என்றன. அவள் இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட எர்த்தும் நியூட்ரலும்கூட இப்போது சரியாக இருந்தன. அவற்றையும் அவர் முறுக்கி வைத்திருந்தார்.

"பாத்தேன்மா. சரியா இருக்கு."

அட்டையைத் திருப்பி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நேரம் போட வேண்டும் என்று நோலா சொன்னாள். கெர்ரின் 10.50 என்று எழுதினாள். சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். நோலா திறந்து, பூட்டை அட்டையோடு தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். கெர்ரின் மூடியை மாட்டி, பிரேக்கரை ஏற்றி, கேபிளைக் காரில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"இனி என்ன?"

"இருபது நிமிஷம் பாக்கணும். நிக்கிறதா இருந்தா அதுக்குள்ள நின்னுடும்."

நோலா நாற்காலியைச் சார்ஜருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கெர்ரின் தரையில் உட்கார்ந்து காரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே ஃபோன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. சித்தியாக இருக்கும், அடக்கத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. விளக்கு பச்சையாகவே இருந்தது. நோலா கையை நீட்டி, காய்ச்சல் பார்ப்பதுபோல, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் பதித்தாள்.

"சுடல," என்றாள்.

கையை எடுக்கவில்லை.